மார்கழி நீராட்டும் மகளிர் நோன்பும்

மார்கழித் திங்கள் பிறந்ததும், மலேசியத் தமிழர் கோயில்களில் வைகறைப் பொழுதில் திருப்பாவையும் திருவெம்பாவையும் ஒலிக்கக் கேட்கிறோம். ஆண்டாள் அருளிய 30 பாடல்களையும் மணிவாசகர் அருளிய 20 பாடல்களையும் தடையின்றி ஒப்பிக்கும் மாணவர் நம் பள்ளிகளில் உளர். ஆயினும், அப்பாடல்கள் எந்த நோன்பிற்கு உரியனவோ, அந்நோன்பைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பது குறைவு. பாட்டு நிலைத்துவிட்டது, நோன்பு பெயரளவில் நிற்கின்றது.

கன்னிப் பருவம் கடந்து இல்லறத்தின் வாயிலில் நிற்கும் பெண்கள், பனிக்காலத்து விடியலில் வீட்டை விட்டு வெளிவந்து, நீர்த்துறையில் ஒன்றுகூடி, ஒரு திங்கள் அளவும் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட ஒழுங்கோடு வாழ்ந்த வழக்கமே பாவை நோன்பு. வாழ்க்கை ஒரு நிலையினின்று மற்றொரு நிலைக்கு மாறும்பொழுது பெண்ணுக்கு வேண்டிய துணை யாது என்னும் வினாவுக்கு நம் முன்னோர் கண்ட விடைகளுள் இது ஒன்று. அதன் உறுப்புகளை ஈண்டு நோக்குவோம்.

சங்க நூல்கள் காட்டும் தைந்நீராடல்

இந்நோன்பு ஆண்டாள் காலத்தில் தோன்றியதன்று. சங்க நூல்களில் இது தைந்நீராடல் எனப்படுகின்றது. நற்றிணையின் 80-ஆம் பாட்டில், தைத் திங்களில் குளிர்ந்த குளத்தில் மூழ்கும் இளம்பெண்ணையன்றித் தன் நோய்க்கு வேறு மருந்தில்லை என்கிறான் தலைவன். அந்நூலின் 22-ஆம் பாட்டில் அழகானதோர் உவமை உண்டு. தினைக்கதிரைக் கவர்ந்த மந்தி, கடுவனோடு மலையேறி, உள்ளங்கை நிறையக் கசக்கி, கவுள் புடைக்க உண்கின்றது. மழையில் நனைந்த முதுகோடு அது அமர்ந்திருக்கும் தோற்றம், நோன்பிருந்தோர் தைத் திங்களில் உணவு கொள்ள அமர்ந்திருப்பது போல் இருந்ததாம். கேட்போர் உடனே உணரும் காட்சியை அன்றோ புலவர் உவமையாக எடுப்பர்? நோன்பிகளின் ஈர உடையும் பசியும் அந்நாளில் எல்லாரும் அறிந்தவை என்பது இதனால் விளங்கும்.

கலித்தொகையின் 59-ஆம் பாட்டு மேலும் சில செய்திகளைத் தருகின்றது. தன்னைப் பாராமுகமாகச் செல்லும் பெண்ணை நோக்கி, தையில் நீராடிய தவம் உனக்குப் பயன் தருமோ என்று தலைவன் வினவுகின்றான். அவள் பிறர் மனைகளில் பாடிப் பெற்றவற்றைப் பலருக்கும் ஈந்தாள் என்று அவனே கூறுகின்றான். நீராடல், பாடல், ஈதல் ஆகிய மூன்றும் இங்கு ஒருங்கே காணப்படுகின்றன.

எல்லாவற்றினும் விரிவானது, நல்லந்துவனார் பாடிய பரிபாடலின் 11-ஆம் பாட்டு. மழை ஓய்ந்து, குளிரால் உடல் நடுங்கும் பருவம், திருவாதிரை நாள், வையைக் கரை. கன்னியர் அம்பா ஆடல் ஆடுகின்றனர். அம்பா என்பது தாய் என்னும் பொருளது. சடங்கு முறை அறிந்த முதுமகளிர் வழிகாட்ட, தாயர் அருகில் நிற்க, பனி புலரும் வேளையில் பெண்கள் நீரில் இறங்குகின்றனர். வாடைக்காற்று வீசுகின்றது. கரையில் அந்தணர் வளர்த்த வேள்வித் தீயில் ஈர ஆடையை உலர்த்திக்கொள்கின்றனர். அவர்களது முதல் வேண்டுதல் அகன்ற நிலம் வெம்பாதிருக்க வேண்டும் என்பது. அதன் பின்னரே ஒவ்வொருத்தியும் தனக்கு வேண்டியதைக் கேட்கின்றாள். தழுவிய கையை நெகிழ விடாத துணை வேண்டும் என்கிறாள் ஒருத்தி. பூவை உண்டு நீங்கும் வண்டினைப் போல் நீங்காத துணை வேண்டும் என்கிறாள் மற்றொருத்தி. இவை அச்சத்தினின்று எழும் வேண்டுதல்கள். கைவிடப்படுவோமோ என்று உள்ளூர நடுங்கும் பெண், அந்நடுக்கத்தைத் தோழியர் நடுவே வாய்விட்டுச் சொல்ல இந்நோன்பு இடம் தந்தது.

ஏன் பனிக்காலம்?

நம் தோட்டப்புறப் பிள்ளைகளுக்குப் பனி என்றால் குளிர்பதனப் பெட்டிதான் நினைவுக்கு வரும். பினாங்கு வட்டாரத்தில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைந்த வெயிற்காலம். பைராம் தோட்டத்தில் மார்கழியைக் குளிரால் அறிய இயலாது. கோயில் மணியால்தான் அறியவேண்டும். ஆகவே, தமிழகத்தின் பருவநிலையை முதலில் விளக்காவிடில் இப்பாடல்கள் மாணவர் உள்ளத்தில் பதியமாட்டா.

தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் ஓயும். மார்கழியும் தையும் முன்பனிக் காலம். குளங்கள் நிரம்பி, கலங்கல் தெளிந்து நிற்கும். வயலில் நெல் முதிர்ந்துகொண்டிருக்கும், அறுவடை தையில்தான். மார்கழியில் திருமணம் செய்யும் வழக்கம் இல்லை. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது பழமொழி. பயிரும் காத்திருக்கின்றது, பெண்ணும் காத்திருக்கின்றாள். அக்காத்திருப்பை வெறுமையாக விடாமல் அதற்கு ஓர் ஒழுங்கு அளித்தனர் முன்னோர். தன் வாழ்வுக்கு நல்ல துணையைக் கேட்கும் பெண், நாட்டுக்கு மழையையும் சேர்த்தே கேட்டது இதனாற்றான். திருப்பாவையிலும் திருவெம்பாவையிலும் மழை வேண்டும் பாடல்கள் அமைந்திருப்பதை ஆசிரியர் அறிவர்.

சங்க நூல்களில் தை எனப்படுவது பின்னர் மார்கழி ஆனது எங்ஙனம் என்று மாணவர் வினவுவர். நிறைமதி முதல் நிறைமதி வரை ஒரு திங்களாகக் கொண்டால், மார்கழி நிறைமதியில் தொடங்கும் நோன்பு தையில் முடியும். தொடக்கத்தால் ஒரு பெயரும் முடிவால் மற்றொரு பெயரும் பெற்றது என்பர் அறிஞர் சிலர். ஆண்டாளும் திருப்பாவையை மார்கழி நிறைமதி நாளில் தொடங்குகிறார். நாச்சியார் திருமொழியிலோ தைத் திங்கள் முழுவதும் நோற்றதைக் கூறுகிறார்.

நோன்பின் மூன்று படிகள்

ஆர்னல்ட் வான் கெனெப் என்னும் அறிஞர் 1909-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். பிறப்பு, பூப்பு, திருமணம், இறப்பு ஆகிய நிலைமாற்றங்களின்போது உலக மக்கள் இயற்றும் சடங்குகளை ஒப்பிட்டு, அவற்றில் மூன்று படிகள் உண்டென்று காட்டினார். பழைய நிலையினின்று பிரிதல், இரண்டுங்கெட்ட இடைநிலையில் நிற்றல், புதிய நிலையில் ஊரோடு மீண்டும் சேர்தல் என்பன அவை. திருப்பாவையை இக்கண் கொண்டு நோக்கினால் அதன் அமைப்பு தெளிவாகின்றது.

இரண்டாம் பாடல் பிரிதலைக் கூறுகின்றது. நெய்யும் பாலும் விலக்கப்படுகின்றன. கண்ணுக்கு மையில்லை, கூந்தலுக்குப் பூவில்லை. தகாதன செய்வதும் புறங்கூறுவதும் ஒழிக்கப்படுகின்றன. இரப்போர்க்கு ஈதல் மேற்கொள்ளப்படுகின்றது. ஆறு முதல் பதினைந்து வரையுள்ள பத்துப் பாடல்களும் இடைநிலை. விழித்தவள் உறங்குபவளை எழுப்புகின்றாள். உறங்குபவளைக் கேலி செய்கின்றனர். அவள் தாயிடம் முறையிடுகின்றனர். வாயிலில் காத்து நிற்கின்றனர். ஆனால், ஒருத்தியையும் விட்டுச் செல்லவில்லை. 30 பாடல்களில் மூன்றில் ஒரு பங்கு இவ்வாறு ஒருத்தியை ஒருத்தி அழைத்துச் செல்வதற்கே செலவிடப்பட்டது கருதத்தக்கது. இருபத்தேழாம் பாடல் மீண்டு சேர்தல். கைவளையும் தோள்வளையும் தோடும் அணிந்து, புத்தாடை உடுத்து, நெய் வழியும் பாற்சோற்றை எல்லாரும் கூடி உண்கின்றனர். இரண்டாம் பாடலில் விலக்கிய நெய்யும் பாலும் அணியும் இருபத்தேழாம் பாடலில் திரும்பி வருகின்றன. துறந்தது திரும்ப வரும் என்னும் உறுதியே இந்நோன்பை நோன்பாக்குகின்றது.

சேரநாட்டிலும் சயாமிலும்

பழைய சேரநாடாகிய கேரளத்தில் இவ்வழக்கத்தின் கிளை ஒன்று திருவாதிரை என்னும் பெயரால் வாழ்கின்றது. தனு மாதத்தில், அதாவது நம் மார்கழியில், பெண்கள் விடியுமுன் குளத்தில் இறங்கி, நீரைக் கையால் அறைந்து தாளமிட்டுப் பாடி நீராடுவர். அரிசிச் சோற்றை விலக்கிக் கிழங்கும் கூவையும் உண்பர், ஊஞ்சலாடுவர், வட்டமாக நின்று கைகொட்டி ஆடுவர். திருமணமான பின் வரும் முதல் திருவாதிரை பூத்திருவாதிரை எனச் சிறப்பிக்கப்படும். புகுந்த வீட்டில் புதியவளாய் நிற்கும் மணமகளை நடுவில் வைத்து மற்றப் பெண்கள் கொண்டாடும் நாள் அது.

நம் வடக்கெல்லைக்கு அப்பாலுள்ள சயாமில் நிகழ்ந்தது வேறு. அங்கு அரண்மனைப் பிராமணர் ஆண்டுதோறும் இயற்றும் சடங்குக்குத் திரியம்பாவாய் என்று பெயர். திருவெம்பாவையின் திரிபே இது என்று அறிஞர் கண்டுள்ளனர். பாங்காக்கில் 1784-ஆம் ஆண்டில் எழுப்பிய பெரிய ஊஞ்சல் இச்சடங்கிற்கு உரியது. ஊஞ்சலாட்டம் 1935-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. கோயிற் சடங்கு தொடர்கின்றது. தமிழ்ப் பாட்டு கடல் கடந்து அரசவை ஏறியது பெருமைக்குரியதே. ஆயினும், ஊஞ்சலில் ஏறியவர் ஆடவர். நீராடும் கன்னியர் அங்கில்லை. பாட்டு தனியே பயணம் செய்யும். நோன்பு பெண்கள் கூடினால்தான் உண்டு.

முடிவில்லா நோன்பு

இத்துணைச் சிறப்புடைய வழக்கத்தைக் கண்ட நம் சமூகம், மற்றொரு நிலைமாற்றத்தில் பெண்ணை எவ்வாறு நடத்தியது என்பதையும் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. கணவனை இழந்தவளுக்கும் ஒரு நோன்பு விதிக்கப்பட்டது. அது கைம்மை நோன்பு. புறநானூற்றின் 246-ஆம் பாட்டில், பூதபாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்புகுமுன் அந்நோன்பை விவரிக்கின்றாள். நெய் தீண்டாத பிழிந்த சோறு, எள்ளுத் துவையல், புளியிட்டு வெந்த வேளைக்கீரை, பாயில்லாத பருக்கைக்கல் படுக்கை. இதனினும் தீயே மேல் என்கிறாள் அவள்.

ஒக்கூர் மாசாத்தனார் பாடிய 248-ஆம் பாட்டு இன்னும் நெஞ்சை உருக்குவது. குளத்து வெள்ளாம்பல் இளமையில் தனக்குத் தழையாடை ஆயிற்று. கணவன் இறந்தபின், உண்ணும் பொழுது மாறி, வைகறையில் உண்ணும் புல்லரிசியாகவும் அதுவே ஆயிற்று என்று ஒருத்தி இரங்குகின்றாள்.

பாவை நோன்பிலும் நெய் விலக்கு. கைம்மை நோன்பிலும் நெய் விலக்கு. அங்கும் பூவில்லை, இங்கும் பூவில்லை. வேறுபாடு யாது? முன்னதற்குத் தோழியர் உண்டு. பின்னதில் அவள் தனியள். முன்னதற்கு முடிவுநாளும் விருந்தும் உண்டு. பின்னதற்கு இரண்டும் இல்லை. துணையும் முடிவும் நீங்கினால் நோன்பு தண்டனையாகிவிடும் என்பதற்கு இவ்விரு பாட்டுகளே சான்று.

இதனை மாற்றிக் காட்டிய ஒருவரை நம் ஆசிரியர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அவர் சகோதரி சுப்புலட்சுமி அம்மையார். 1886-ஆம் ஆண்டில் பிறந்து, சிறுவயதிலேயே கணவனை இழந்த அவர், 1911-ஆம் ஆண்டில் சென்னையில் பட்டம் பெற்றார். மறு ஆண்டே தம்மைப் போன்ற பிராமண இளங்கைம்பெண்களுக்கென ஓர் இல்லம் தொடங்கினார். பின்னர் அவ்வில்லம் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் என்னும் கட்டடத்தில் நடைபெற்றது. வீட்டின் மூலையில் ஒதுக்கப்பட்டிருந்த சிறுமியர், அங்கு ஒத்த நிலையினரோடு கூடிப் படித்தனர். பலர் ஆசிரியைகளாய் வெளிவந்தனர். 1922-ஆம் ஆண்டில் லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அம்மையாரே அதன் முதல்வரானார். துணை, ஒழுங்கு, முடிவில் ஒரு புதிய நிலை என்னும் மூன்றும் அங்கு மீண்டும் ஒன்றுசேர்ந்தன.

ஆசிரியர் செய்யத்தக்கவை

இன்று குளிர்நாடுகளில், மணமுறிவாலோ இழப்பாலோ முதுமையின் தொடக்கத்தாலோ நிலைமாறும் பெண்கள், பனிக்காலத்தில் சில நாள் காட்டிலும் ஏரிக்கரையிலும் கூடித் தங்கும் வழக்கம் பரவி வருகின்றது. நமக்கு அது புதுமையன்று. ஆயினும், நம்மிடம் இருந்ததை நாம் கோயில் ஒலிபெருக்கியில் ஒப்படைத்துவிட்டோம்.

நம் தோட்டங்களில் நிலைமாற்றங்களுக்குக் குறைவில்லை. ஐந்தாம் படிவம் முடித்து நகரத்து விடுதிக்குச் செல்லும் பெண், புதிதாய் மணமாகி வந்தவள், கணவனை இழந்தவள், தோட்டம் கைமாறிப் பழகிய லயத்தை விட்டுப் பெயர்ந்தவள் ஆகிய எல்லாரும் மாற்றத்தைப் பெரும்பாலும் தனியாகவே தாங்குகின்றனர். மார்கழியில் நம் ஊர்க் கோயில்களில் கூடும் பெண்கள், பாடி முடித்ததும் கலைந்துவிடாமல், இத்தகையோரை வாயிலில் நின்று பெயர் சொல்லி அழைத்து வந்து நடுவில் இருத்தலாம். கைம்பெண்ணை விலக்காதிருத்தல் அதன் முதல் விதியாக இருக்கவேண்டும். முறை அறிந்த மூதாட்டியர் வழிகாட்டலாம்.

வகுப்பறையில் நாம் செய்யத்தக்கது எளிது. திருப்பாவையைக் கற்பிக்கும்போது இரண்டாம் பாடலையும் இருபத்தேழாம் பாடலையும் அருகருகே வைத்து, விலக்கியவை எவை, திரும்பியவை எவை என்று மாணவரையே பட்டியலிடச் செய்க. பின்னர்ப் புறநானூற்றின் 248-ஆம் பாட்டைப் படித்துக்காட்டி, இவளுக்கு அந்த இருபத்தேழாம் பாடல் ஏன் இல்லை என்று வினவுக. விடையைப் பிள்ளைகள் வீட்டில் தம் பாட்டியரிடமும் கேட்டுவரட்டும்.