நீருக்குள் ஒரு ஜனத்தொகைக் கணக்கு

ஒரு தேசத்து மனிதரை எண்ணுவதற்கே ஆயிரக்கணக்கான உத்தியோகஸ்தர்களும் மாதக்கணக்கான அவகாசமும் வேண்டியிருக்க, கதவிலக்கமோ நிலையான வாசமோ இன்றி, ஆற்றுக்கும் கடலுக்குமாக ஓயாது இடம் மாறிக்கொண்டு, நாளின் பெரும்பகுதியைக் கலங்கிய ஜலத்தின் அடியிலேயே கழிக்கும் ஒரு பிராணியின் தொகையை நிர்ணயிப்பது எத்தனை சிரமமான காரியம் என்பதை எவரும் ஊகித்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் தென்கிழக்குக் கோடியில், உஷ்ண மண்டலத்தின் விளிம்பை ஒட்டி நீண்டு கிடக்கும் புளோரிடா தீபகற்பத்தில், மேனட்டி என்னும் நீர்ப்பசுவைப் பற்றி அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் கள ஆராய்ச்சி, இந்தச் சிரமத்தோடு மல்லுக்கட்டிய வரலாறேயாகும். வனவிலங்குகளின் எண்ணிக்கை என்று பத்திரிகையில் ஓர் எண்ணைக் கண்டால் அதற்கு என்ன பொருள் கொள்வது என்பதை இவ்வளவு தெளிவாகக் கற்பிக்கும் உதாரணம் வேறொன்றை நான் அறியேன்.

மேனட்டி குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணி. உயிர் வர்க்கத்தில் யானைக்குக் கிட்டிய உறவு. நன்கு வளர்ந்தது 3 மீட்டர் நீளமும் 450 கிலோ அளவு எடையும் உடையதாயினும், புல்லையும் நீர்ப்பூண்டையும் மேய்வதைத் தவிர எவருக்கும் ஒரு தீங்கும் நினையாத சாது. பாக் ஜலசந்தியில் கடற்புல் மேயும் நம்முடைய ஆவுளியா இதன் தாயாதி எனலாம். ஆவுளியாவின் வால் மீன்வாலாகப் பிளந்திருக்க, மேனட்டியின் வால் வட்டத் துடுப்பாக அகன்றிருக்கும். அது கடலை விட்டு வராது, இதுவோ உவர்நீரிலும் நன்னீரிலும் ஒருங்கே வாழும். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய கடற்பரப்பில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவின் காப்பகமாக அறிவித்திருக்கும் நமக்கு, புளோரிடாவில் நடப்பது அந்நியமான சங்கதியன்று.

இத்தனை பருத்த சரீரத்துக்கு ஒரு பெரும் பலவீனம் உண்டு. உடல் உஷ்ணத்தை உண்டாக்கும் சக்தி இதற்கு மிகக் குறைவாகையால், ஜலத்தின் உஷ்ணநிலை 20 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்கி நெடுநாள் நீடித்தால் நோயுற்று மாண்டுபோகும். எனவே, வடக்கேயிருந்து குளிர்காற்று வந்தவுடன் ஆறுகளிலும் கழிமுகங்களிலும் சிதறிக் கிடந்த மேனட்டிகளில் பல, பூமிக்கடியிலிருந்து வருஷம் முழுவதும் ஏறத்தாழ 22 டிகிரியிலேயே பொங்கிவரும் ஊற்றுகளை நாடிக் கூடுகின்றன. மற்ற நாட்களில் கண்ணுக்கே தட்டுப்படாத பிராணி, தெளிந்த நீரில், ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, தானே வந்து நிற்கிறது. 1967 முதல் 1969 வரை கிறிஸ்டல் ரிவர் என்னுமிடத்தில் டேனியல் ஹார்ட்மன் என்ற இளம் ஆராய்ச்சியாளர் நீரில் இறங்கி இவற்றின் நடவடிக்கைகளைக் குறித்துவைத்து, மேனட்டி ஆராய்ச்சிக்கு அஸ்திவாரமிட்டது இந்த அனுகூலத்தைப் பற்றிக்கொண்டுதான்.

ஆனால் கூட்டமாக வந்து நிற்பதாலேயே எண்ணிவிட முடியுமா? நேற்று வந்ததும் இன்று வந்ததும் ஒன்றுதானா, வேறு வேறா என்று தெரியாதபோது எண்ணிக்கைக்கு மதிப்பில்லை. புலிக்கு வரியும் சிறுத்தைக்குப் புள்ளியும் அடையாளமாவது போல இந்தச் சாம்பல் நிறத் தோலில் பிறவி அடையாளம் எதுவும் இல்லை. அந்தக் குறையை ஈடுசெய்தது மனிதன் இழைத்த கொடுமை. மேனட்டி மெல்ல நீந்துவது. மூச்சு வாங்குவதற்குச் சில நிமிஷங்களுக்கொருமுறை மேலே வந்தாக வேண்டியது. அப்படி வரும்போது, விரைந்தோடும் இயந்திரப் படகுகளின் சுழல்விசிறி அதன் முதுகைக் கிழித்துவிடுகிறது. விசிறியின் இதழ்கள் அடுத்தடுத்துப் பட்ட இடத்தில் சம இடைவெளி விட்டுச் சாய்கோடுகளாகக் காயங்கள் விழுகின்றன. ஆறிய பிறகு அவை சாம்பல் தோலின்மேல் வெளுத்த வரிகளாக நிற்கின்றன. சிலவற்றின் வால் விளிம்பில் அரைவட்டமாகச் சதை போயிருக்கும். சிலவற்றில் வாலின் ஒரு பக்கமே இராது. ஆராய்ச்சியாளர் மேனட்டியின் வெறும் வரைகோட்டு உருவம் அச்சிட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு, சிறு படகிலிருந்தபடி ஒவ்வொரு தழும்பையும் அதனதன் இடத்தில் பென்சிலால் வரைந்து, புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பதிவு செய்கிறார். அவ்விதம் 1970-களிலிருந்து சேர்ந்த பதிவேட்டில் இன்று ஆயிரக்கணக்கான மேனட்டிகள் தனித்தனியே அறியப்பட்டிருக்கின்றன. எது எந்த ஆண்டு கன்று ஈன்றது, எது எத்தனை குளிர்காலம் தவறாமல் வந்தது, எது ஒரு வருஷம் வராமற்போனது என்பதெல்லாம் அதிலிருந்து தெரிகின்றன. மேனட்டி பெரும்பாலும் ஒரே கன்றுதான் ஈனும், அதுவும் 2 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை. ஆகவே, வளர்ந்த மேனட்டி வருஷந்தோறும் எந்த விகிதத்தில் பிழைக்கிறது என்பதுதான் இந்த இனத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. அந்த விகிதத்தைச் சொல்ல வல்லது இந்தத் தழும்புப் பதிவேடு. பிராணியை அறுத்த காயமே அதைக் காப்பதற்கு வேண்டிய சாசனமாக அமைந்ததை நினைக்கும்தோறும் எனக்கு மனம் கனக்கிறது.

ஊற்றுகளைப் பாதுகாத்ததில் கண்ட பலன் பெரியது. புளூ ஸ்பிரிங் என்ற ஊற்றுக்கு 1970-களின் தொடக்கத்தில் ஒரு குளிர்காலத்துக்கு வந்தவை 20-ஐக்கூட எட்டவில்லை; அந்த இடத்தை 1972-இல் பூங்காவாக்கிப் படகுகளை விலக்கிய பின், அண்மை ஆண்டுகளில் ஒரே நாளில் 500-க்கு மேற்பட்டவை எண்ணப்பட்டிருக்கின்றன.

தீபகற்பம் முழுவதற்கும் சேர்த்து எத்தனை என்ற கேள்விக்கு விடை காண, 1991 முதல் குளிர்காலத்தில் ஆகாய விமானக் கணக்கெடுப்பு நடத்தத் தொடங்கினார்கள். கடுங்குளிர் அடித்து ஓய்ந்த மறுநாள், காற்றில்லாத வெயிலில், பல விமானங்கள் ஒரே சமயத்தில் புறப்பட்டு, வெப்பமான இடங்களின்மேல் வட்டமிட்டுக் கண்ணில் பட்டவற்றை எண்ணித் திரும்பும். 2001-இல் இவ்விதம் 3,300 அளவில் தென்பட்டன. மறு ஆண்டில் அதில் பாதியைச் சற்றே மிஞ்சிய தொகைதான் கிடைத்தது. ஒரே வருஷத்தில் பாதி இனம் அழிந்ததா? இல்லை, அந்த வருஷக் குளிர் போதவில்லை, ஆகையால் அவை வந்து கூடவில்லை. 2010-இல் வரலாறு காணாத குளிர் அடித்தபோது எண்ணிக்கை 5,000-ஐத் தாண்டியது. அதே குளிரில்தான் அவை ஏராளமாக மடிந்தன. படகோட்டிகளின் கட்சியினர் பெரிய எண்ணைக் காட்டிப் படகுகளுக்குக் கட்டுப்பாடு வேண்டாமென்றும், பிராணிகளின் அபிமானிகள் சிறிய எண்ணைக் காட்டிக் கட்டுப்பாடு வேண்டுமென்றும் வாதாடிய அந்த வருஷங்களில், இரு தரப்பாரும் கையில் பிடித்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் வானிலை அறிக்கையையே என்பது என் அபிப்பிராயம்.

இதன் பிறகு ஆராய்ச்சியாளர் கைக்கொண்ட மார்க்கமே இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் உயர்ந்ததாகத் தோன்றுகிறது. கண்டதை எண்ணுவதோடு நில்லாமல், காணாமல் விட்டது எவ்வளவு என்பதையும் அளந்துவிடுவது என்று துணிந்தார்கள். தீபகற்பத்தின் நீர்ப்பரப்பிலிருந்து குலுக்கல் முறையில் பகுதிகளைத் தேர்ந்தெடுத்தனர். ஒரே விமானத்தில் இருவர் அமர்ந்து, ஒருவர் கண்டதை மற்றவர் அறியாமல் தனித்தனியே குறித்தனர். ஒருவர் கண்டு மற்றவர் தவறவிட்டது எவ்வளவு என்பதிலிருந்து, இருவருமே தவறவிட்டது எவ்வளவு இருக்கும் என்பதைக் கணித சாஸ்திரம் சொல்லிவிடும். விமானம் கடக்கும் நேரத்தில் ஆழத்தில் கிடந்தவற்றுக்கு வேறொரு கணக்கு: சில மேனட்டிகளின் வால் அடியில் வாரிட்டு, அதிலிருந்து நீளும் கயிற்றின் முனையில் மிதக்கும் ஒலிபரப்புக் கருவியையும் ஆழமளக்கும் கருவியையும் பொருத்தி, அவை நாளில் எவ்வளவு நேரம் கண்ணுக்குப் புலப்படும் மட்டத்தில் இருக்கின்றன என்று அறிந்தார்கள். கயிறு எதிலாவது சிக்கினால் தானே அறுந்து பிராணியை விடுவிக்கும்படி ஓரிடத்தில் மெலிதாகச் செய்யப்பட்டிருக்கும். (செஸ்ஸி என்று பெயரிடப்பட்ட ஒரு மேனட்டி 1995-இல் அட்லாண்டிக் கரையோரமாகவே நீந்தி வடக்கே ரோட் ஐலண்டு வரை போனதைத் தெரிவித்ததும் இத்தகைய கருவிதான்.) இவ்வளவையும் சேர்த்து 2015, 2016 ஆண்டுகளுக்குக் கணித்த தொகை 8,810; ஆனால் அதை அவர்கள் ஒற்றை எண்ணாக வெளியிடவில்லை, 7,520-க்கும் 10,280-க்கும் இடையே என்ற எல்லையோடு சேர்த்தே வெளியிட்டார்கள். அந்த எல்லையைச் சொல்லும் நாணயம்தான் சாஸ்திரத்தின் மானம்.

உயிருள்ளவற்றைப் போலவே இறந்தவற்றையும் 1974 முதல் கணக்கு வைக்கிறார்கள். கரை ஒதுங்கிய உடலை அறுத்துச் சோதித்துக் காரணம் காண்பதோடு, செவியினுள் இருக்கும் எலும்பை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்து, அதில் ஆண்டுக்கொன்றாகப் படிந்த வளையங்களை எண்ணி வயதையும் அறிகிறார்கள். 2021-ஆம் ஆண்டில் மட்டும் இந்தக் கணக்கு 1,100-ஐ எட்டியது. கிழக்குக் கரையிலுள்ள இந்தியன் ரிவர் என்னும் நீண்ட காயலில், கழிவுநீரும் உரமும் கலந்ததால் பாசி பெருகி வெயிலை மறைக்க, கடற்புல் வெளிகளில் பாதிக்கும் மேற்பட்டவை மடிந்துபோயின. அங்கே வெந்நீருக்காகக் கூடிய மேனட்டிகள் பசியால் எலும்பும் தோலுமாகிச் செத்தன. அடுத்த குளிர்காலத்தில், அதுவரை எவரும் செய்யாதபடி, அரசாங்கமே மின்நிலையத்து நீர்முகத்தில் ஏறத்தாழ 90 டன் லெட்யூஸ் கீரையைக் கொட்டி அவற்றுக்கு ஊட்டியது.

மின்நிலையம் என்றேன். இப்போது ஆராய்ச்சியாளரின் கவலையெல்லாம் அதைப் பற்றியதே. ஊற்றுகளைக் காட்டிலும், மின்நிலையங்கள் தம் இயந்திரங்களைக் குளிர்விக்கப் பயன்படுத்தி வெளியேற்றும் வெந்நீரை நம்பிக் குளிர்காலம் கழிப்பவை இந்த இனத்தில் பாதிக்கும் அதிகம். பழைய நிலையங்கள் வரும் பத்தாண்டுகளில் ஒவ்வொன்றாக மூடப்படும்போது அவை எங்கே போகும்? வெப்பமான இடத்துக்குச் செல்லும் வழியைக் கன்று தன் தாயோடு ஓரிரு ஆண்டுகள் கூடவே நீந்திக் கற்றுக்கொள்கிறது. ஆலைவாயிலைத் தவிர வேறிடம் அறியாத தாயின் கன்றுக்கு ஊற்றின் வழியைக் காட்டுவார் இல்லை. ஆகவே, மணல் மூடித் தூர்ந்த ஊற்றுக் கால்களை வாரி ஆழப்படுத்தி, அவற்றுக்குள் மீண்டும் மேனட்டிகள் நுழைய வகை செய்கிறார்கள். எந்தெந்தத் தாய்கள் ஆலையையும் ஊற்றையும் இரண்டையுமே அறிந்தவை, எந்த ஊற்று அவற்றின் வழக்கமான வழியில் அமைந்தது என்ற விவரங்களுக்கு, ஐம்பது ஆண்டுகளாகப் பென்சிலால் வரைந்து சேர்த்த அந்தத் தழும்புத் தாள்களையே புரட்டுகிறார்கள்.