பதுளைக்குக் கூடவர ஒரு துணை

பசறைப் பக்கத் தோட்டத்திலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பெயர், அதாவது அந்த நாள் சம்பளம், போய்விடும். என்ன வருத்தம் என்று கங்காணி கேட்பார். லயத்தில் பக்கத்துக் காம்பராவும் கேட்கும். நடுவில் இருப்பது ஒற்றைச் சுவர். சளி, சர்க்கரை என்றால் பதில் சொல்லிவிடலாம். எச்.ஐ.வி. என்று யாரிடம் சொல்வது?

இலங்கையில் இதற்கான மருந்து 2004 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. பதுளையிலும் பாலியல் நோய் சிகிச்சை நிலையம் உண்டு. பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. முன்பு உடலின் எதிர்ப்புச் சக்தி குறையும்வரை காத்திருந்து மருந்து கொடுத்தார்கள். தொற்று உறுதியானதும் தொடங்கிவிட வேண்டும் என்று 2015இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பெரும்பாலோருக்கு நாளுக்கு ஒரு மாத்திரை போதும். விடாமல் சாப்பிட்டால் ஆறு மாதமளவில் இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறையும். அந்த நிலை நீடிக்கும்வரை உடலுறவால் துணைக்குத் தொற்றாது.

இதையெல்லாம் வைத்தியர் சொல்வார். "நானும் இந்த மாத்திரைதான் சாப்பிடுகிறேன், பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறேன்" என்று சொல்ல, அதே தொற்றோடு வாழும் ஒருவர் வேண்டும். அவர் ரகசியம் இவர் கையில், இவர் ரகசியம் அவர் கையில். அந்தச் சமநிலையில்தான் நம்பிக்கை பிறக்கிறது.

சிம்பாப்வேயின் கிராமப்புறக் கிளினிக்குகளில் இதைச் சோதித்தார்கள். தொற்றுள்ள பதின்வயதினருக்கு அதே தொற்றுள்ள இளையவர்களைத் துணையாக அனுப்பினார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 36 பேருக்கு வைரஸ் அடங்கவில்லை, அல்லது அவர்கள் இறந்தார்கள். துணை கிடைத்தவர்களில் அது 25.

இப்படி முன்வந்தவர்கள் நம் பக்கமும் உண்டு. நம் நாட்டில் குழந்தைநல வைத்தியர் கமலிகா அபேரத்ன, 1995 விபத்துக்குப்பின் ஏற்றிய இரத்தத்தால் தொற்றுக்கு ஆளானார். முகத்தை மறைக்காமல் பேசினார், 2004இல் காலமானார். சென்னையில் 1998இல் அதே தொற்றோடு வாழும் கௌசல்யாவும் தோழியரும் தொற்றுள்ள பெண்களுக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள்.

பதுளை அடங்கிய ஊவா மாகாணத்தில் அந்தத் துணை தமிழ் பேசுபவராக இருக்க வேண்டும். அதே தோட்டத்தவராக இருக்கக் கூடாது. அங்கே ஒருவரைக் கண்டாலே கதை கட்டிவிடுவார்கள். இதைத் தொண்டு என்று விட்டுவிடாமல் சுகாதாரத் திணைக்களம் அவருக்குச் சம்பளமும் பஸ் காசும் கொடுக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஒரு நாள் பெயர் போனாலும் பரவாயில்லை, பதுளைக்குப் போய் இரத்தத்தைப் பரிசோதித்துவிடுங்கள்.