சிறிய விமானம் ஏன் அதிகம் குலுங்குகிறது?

சுபாங் ஜெயாவில் வசிப்பவர்களுக்கு விமானச் சத்தம் பழகிப்போன ஒன்று. அருகிலுள்ள சுபாங் விமான நிலையம் 1965 முதல் 1998 வரை கோலாலம்பூரின் முதன்மை அனைத்துலக விமான நிலையமாக இருந்தது. பெரிய விமானங்கள் சிப்பாங்கிற்கு இடம் மாறிய பிறகு, ஃபயர்ஃபிளை நிறுவனத்தின் ஏ.டி.ஆர். 72 விமானங்களும் செஸ்னா போன்ற சிறு விமானங்களும் இங்கிருந்து பறந்தன. 2024 ஆகஸ்டில் போயிங் 737 போன்ற ஜெட் விமானங்களும் திரும்பி வந்தன. நான்கு இருக்கைகள் கொண்ட விமானமும் நூற்றுக்கும் அதிகமானோர் பயணம் செய்யும் விமானமும் ஒரே ஓடுபாதையிலிருந்து ஒரே காற்றுக்குள் ஏறும் இடம் இது.

பிற்பகல் 2 மணிக்கு அந்தக் காற்று அமைதியாக இருப்பதில்லை. தார்ச்சாலைகள், கார் நிறுத்துமிடங்கள், தொழிற்சாலைக் கூரைகள் எல்லாம் வெயிலில் கொதித்து, தமக்கு மேலுள்ள காற்றைச் சூடாக்குகின்றன. சூடான காற்று குமிழ் குமிழாக மேலே கிளம்புகிறது. பக்கத்தில் ஏரியோ செம்பனைத் தோட்டமோ இருந்தால் அங்கே காற்று கீழே இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கத்தைக் குறுக்கே கடக்கும் விமானம் குலுங்குகிறது. காற்றுக் கொந்தளிப்பின் எளிய வகை இதுதான்.

செஸ்னாவில் இருப்பவருக்கு இது தூக்கிப் போடுவது போல இருக்கும். ஏ.டி.ஆரில் இருப்பவர் லேசான அதிர்வாக உணர்வார். பெரிய விமானம் கனமானது, அதனால் அசையாது என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மைதான்.

மேலெழும் காற்று இறக்கையின் அடியில் மோதும்போது தூக்குவிசை திடீரென அதிகரிக்கிறது. இறக்கையின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் கூடும் விசையைக் காற்றின் அடர்த்தி, காற்று எழும் வேகம், விமானத்தின் வேகம் ஆகியவைதான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. விமானத்தின் எடைக்கு அதில் பங்கில்லை. ஆனால் விசை = நிறை × முடுக்கம் என்று பள்ளியில் படிக்கிறோம் அல்லவா? அதே விசை எவ்வளவு நிறையைத் தள்ள வேண்டும் என்பதில்தான் வித்தியாசம் வருகிறது. ஆகவே பார்க்க வேண்டியது மொத்த எடையை அல்ல, ஒரு சதுர மீட்டர் இறக்கை சுமக்கும் எடையை.

முழு எடையில், செஸ்னா 172 விமானத்தில் அது சுமார் 71 கிலோ. ஏ.டி.ஆர். 72 விமானத்தில் சுமார் 370 கிலோ, போயிங் 737-800 விமானத்தில் சுமார் 630 கிலோ. போயிங் 777-300ஈ.ஆர். விமானத்தில் 800 கிலோவைத் தொடுகிறது. அதைவிட 200 டன்னுக்கு மேல் கனமான ஏர்பஸ் ஏ380இல் இந்த எண் சுமார் 670 கிலோதான், ஏனென்றால் அதன் இறக்கை மிகப் பெரியது.

அப்படியானால் ஏ.டி.ஆரைவிட செஸ்னா ஐந்து மடங்கு குலுங்குமா? இல்லை. வேகமாகப் பறந்தால் மோதலும் பலமாகும். தாழ்வான உயரத்தில் ஏ.டி.ஆர். ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் போவதால், அதற்குக் கிடைக்கும் அடி செஸ்னாவுக்குக் கிடைப்பதில் பாதிக்கும் சற்றுக் குறைவாக வரும்.

இதிலிருந்தே விமானியின் முதல் உத்தியும் கிடைக்கிறது: வேகத்தைக் குறை. செஸ்னா 172எஸ் ரகத்தின் கையேடு, முழு எடையில் மணிக்குச் சுமார் 194 கிலோமீட்டரை இதற்கான எல்லையாகக் குறிப்பிடுகிறது. அந்த வேகத்துக்குக் கீழே பறக்கும்போது பலத்த காற்று மேலே தள்ளினால், விமானத்தின் உடல் தாங்கும் எல்லையை எட்டுவதற்குள் இறக்கை தூக்குவிசையை இழந்துவிடும். பிரஷர் குக்கரின் வால்வு போல, கூடுதல் விசை அங்கேயே அடங்கிவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. விமானத்தின் எடை சுமார் 860 கிலோவாகக் குறைந்தால், அந்த வேக எல்லையும் 167 கிலோமீட்டருக்கு இறங்குகிறது. இலேசான விமானம்தான் இன்னும் மெதுவாகப் போக வேண்டும்! அதே காற்று குறைந்த நிறையை அதிகமாக முடுக்குகிறது. பயிற்றுநர் இறங்கிக்கொண்டு மாணவர் தனியாகப் பறக்கும் நாளில், அதே விமானம் அதிகம் துள்ளும்.

மற்றொன்று, உயரத்தை விடாப்பிடியாகக் காப்பாற்ற முயலாமல் இருப்பது. விமானத்தை மட்டமாகப் பிடித்துக்கொண்டு, காற்று தூக்கினால் சற்று ஏறவும், அமுக்கினால் சற்று இறங்கவும் விமானி விட்டுவிடுவார்.

குலுங்குவதால் சிறிய விமானம் பலவீனமானது என்று எண்ணிவிடாதீர்கள். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உணரும் எடை 1 ஜி. செஸ்னா போன்றவை 3.8 ஜி வரை தாங்குமாறு வடிவமைக்கப்படுகின்றன. பெரிய பயணிகள் விமானங்களுக்கு அந்த எல்லை பொதுவாக 2.5 ஜி.

சிறிய விமானத்தின் உண்மையான குறை வேறு. ஜெட் விமானம் 35,000 அடிக்கு மேலே போய், வெயில் கிளப்பும் கொந்தளிப்பைக் கீழே விட்டுவிடலாம். செஸ்னா சில ஆயிரம் அடியில், அந்தக் கொந்தளிப்புக்குள்ளேயே பறக்கிறது. இடிமேகத்தைக் காட்டும் ரேடாரும் பெரும்பாலும் அதில் இருக்காது. எனவே தப்பும் வழி தரையிலேயே தொடங்குகிறது: காலையில் பறப்பது, கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடிமழை திரளும் முன் இறங்கிவிடுவது. காலையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் 'சுமத்ரா' சூறைக்காற்று, விடியலுக்கு முன்போ காலையிலோதான் மேற்குக் கரையைத் தாக்கும்.

இடிமேகம் என்று வந்துவிட்டால் பெரிய விமானமும் தப்பாது. 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்துகொண்டிருந்த எஸ்.கியூ.321, சதுர மீட்டருக்கு 800 கிலோ என்று பார்த்தோமே, அதே போயிங் 777-300ஈ.ஆர். ரகம்தான். மியன்மாருக்கு மேலே 37,000 அடி உயரத்தில், மேகங்கள் வளர்ந்துகொண்டிருந்த பகுதியில் அது சிக்கியது. 0.6 வினாடிக்குள் 1.35 ஜி என்பது கழித்தல் 1.5 ஜி ஆனது என்று முதற்கட்ட விசாரணை அறிக்கை கூறுகிறது. கழித்தல் என்றால், பட்டை அணியாதவருக்குக் கூரையே தரையாகிவிடும். அடுத்த 4 வினாடிகளில் அது மீண்டும் 1.5 ஜி ஆக, மேலே போனவர்கள் கீழே விழுந்தார்கள். விமானம் இறங்கியது 178 அடிதான். ஆனாலும் ஒரு பயணி உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர்.

சுபாங்கில் செஸ்னா ஏறுபவர் தோளையும் இடுப்பையும் சேர்த்துக் கட்டும் பட்டையோடு அமர்கிறார். எழுந்து நடக்க அங்கே இடமும் இல்லை.