கே. சி. எஸ். பணிக்கர்: ஓவிய ஆசிரியர் முழுநேர ஓவியரான வரலாறு

கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977) சென்னையில் வாழ்ந்த ஓவியர். சென்னை அரசு கலைப் பள்ளியின் ஆசிரியராகவும் முதல்வராகவும் இருந்தவர். ஓய்வு பெற்றபின் முழுநேர ஓவியராக வாழ்ந்தார். தாம் மட்டுமன்றித் தம் மாணவர்களும் ஓவியர்களாகவே வாழ வழி தேடியவர் என்பதே அவருடைய தனிச்சிறப்பு.

இளமையும் கல்வியும்

பணிக்கர் கோயம்புத்தூரில் பிறந்தார். தந்தையின் மறைவுக்குப் பின் குடும்பத்தைக் காக்கத் தந்தித் துறையில் வேலை பார்த்தார். 1936-ல், 25 வயதில், பெரியமேட்டில் உள்ள கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 1850-ல் தொடங்கப்பட்ட அப்பள்ளியே இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. மெரினாவின் உழைப்பாளர் சிலையை உருவாக்கிய தேவி பிரசாத் ராய் சௌத்ரி அப்போது அதன் முதல்வராக இருந்தார்.

ஆசிரியப் பணி

பணிக்கர் 1941-ல் அதே பள்ளியில் ஆசிரியரானார். 1944-ல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1957-ல் முதல்வர் பொறுப்பை ஏற்றார். பணியில் இருந்தபோதும் வரைவதை அவர் விடவில்லை. 1963-ல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற புகழ்பெற்ற ஓவிய வரிசையைத் தொடங்கினார். ஒரு மாணவரின் கணக்கு நோட்டில் கண்ட எண்களும் வரைபடங்களும் இதற்குத் தூண்டுதலாக அமைந்தன. இவ்வோவியங்களில் மலையாள எழுத்தைப் போன்ற வடிவங்களும் ஜாதகக் கட்டங்களும் இருக்கும். அவ்வெழுத்துகளைப் படித்துப் பொருள் காண முடியாது. வடிவமாகவே பார்க்க வேண்டும்.

பிழைப்பு என்னும் கேள்வி

அக்காலத்தில் சென்னையில் ஓவியம் வாங்குவோர் மிகச் சிலரே. படிப்பை முடித்த மாணவர்கள் டிராயிங் மாஸ்டராகவோ விளம்பர நிறுவனத்திலோ வேலைக்குச் சென்றனர். பலருடைய ஓவியம் அத்துடன் நின்றது. இதற்குப் பணிக்கரும் மாணவர்களும் கண்ட விடை கைவினைத் தொழில். துணியில் உருக்கிய மெழுகால் வரைந்து, சாயத்தில் தோய்த்து, பின் மெழுகை நீக்கினால், மெழுகு படிந்த இடம் சாயம் ஏறாமல் ஓவியமாக நிற்கும். இதுவே பாத்திக். இத்துணிகள் ஓவியங்களைவிட எளிதில் விற்றன. கைவினையில் வரும் வருமானம் வயிற்றுக்கு. மீதி நேரம் ஓவியத்துக்கு என்பது ஏற்பாடு. வாங்குபவர் விருப்பத்துக்காகத் தம் ஓவியத்தை மாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயம் இதனால் குறைந்தது.

சோழமண்டலம்

இந்த வருமானத்தின் துணையோடு, அடையாறு, திருவான்மியூரைத் தாண்டிக் கடற்கரையோரமாக உள்ள ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர்கள் நிலம் வாங்கினர். 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. மின்சாரமோ நல்ல சாலையோ இல்லாத மணல்வெளியில் வீடுகளையும் பட்டறைகளையும் தாங்களே அமைத்துக்கொண்டனர். 1967-ல் ஓய்வு பெற்ற பணிக்கர், 1977 ஜனவரியில் மறையும்வரை முழுநேர ஓவியராக இருந்தார்.

இருபத்தாறு ஆண்டுகள் சம்பளத்தில் இருந்தபின்னரே அவருக்கு இந்த முழுநேரம் கிடைத்தது. ஆனால் அவருடைய மாணவர் பலர் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. இளவயதிலேயே கலையையே வாழ்க்கையாகக் கொண்டனர். பணிக்கரின் மகனும் சிற்பியுமான எஸ். நந்தகோபால் அவர்களுள் ஒருவர். வேலையா, ஓவியமா என்று குழம்பும் மாணவர்கள், ஓவியத்தோடு வருமானம் தரும் ஒரு கைத்தொழிலையும் கற்பதன் பயனை இவ்வரலாற்றிலிருந்து அறியலாம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள இக்கிராமத்தின் அருங்காட்சியகத்தில், பணிக்கர் காலத்துச் சென்னை ஓவியர்களின் படைப்புகளை இன்றும் காணலாம்.