பட்டியலுக்குள் பட்டியல்: கட்-ஆஃப் போடுவது எப்படி?

கிண்டியில் இருக்கும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம்தான் 2019 முதல் தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வை நடத்துகிறது. அதற்கான கட்-ஆஃப் மதிப்பெண்ணின் விதி எளிது: கணக்கு மதிப்பெண் முழுதாக, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி பாதி. 96, 90, 84 எடுத்தவருக்கு 96 + 45 + 42, ஆக 200க்கு 183.

இதைப் போட ஒரு நிரல் எழுதுகிறோம்; மதிப்பெண்கள் மாவட்டம், அதற்குள் பள்ளி, அதற்குள் மாணவர் என்று பட்டியலுக்குள் பட்டியலாக அடுக்கி வருவதாக வைத்துக்கொள்வோம். முதல் உறுப்பை எடுத்தால் கையில் வருவது மாணவர் அல்ல, ஒரு மாவட்டம். மாவட்டத்துக்கு ஏது கட்-ஆஃப்? நிரல் அங்கேயே நின்றுவிடும்.

இதற்கான வழி அழகானது. எடுத்த உறுப்பு பட்டியலா என்று கேள். ஆம் என்றால் அதற்குள் இறங்கி இதே கேள்வியைக் கேள். இல்லை என்றால் விதியைப் போடு. செயற்கூறு தன்னைத்தானே அழைக்கும் இந்த உத்திக்கு ரிகர்ஷன் என்று பெயர். 1958இல் ஜான் மெக்கார்த்தி உருவாக்கத் தொடங்கிய லிஸ்ப் மொழிக்கு இதுவே உயிர். மூன்று அடுக்கானாலும் முப்பதானாலும் நிரல் மாறாது.

ஒரு கண்ணி உண்டு. மாணவரின் மூன்று மதிப்பெண்களையும் பட்டியலாகவே எழுதினால், நிரல் அதற்குள்ளும் இறங்கி 96 என்ற வெறும் எண்ணுக்குக் கட்-ஆஃப் தேடும்! பைத்தானில் அந்த மூன்றை மட்டும் டியூப்பிளாக எழுதினால் போதும். இறங்குவது எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அடுக்கு கலையாமல் கட்-ஆஃப் வந்துவிடும். தரவரிசைக்கோ மாவட்டச் சுவர்களை இடித்து, எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தியாக வேண்டும்.