வண்டியில் ஒலிக்கும் இலக்கமுறை வானொலி

நோர்வே மலையும் கடற்கழியும் நிறைந்த நாடு. அங்கே நெடுவழி செல்வார்க்கு வண்டியிலுள்ள வானொலி நல்ல துணை. அந்நாடு 2017ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் தொடங்கி, திசெம்பர் 13ஆம் நாளளவில், நாடளாவிய எப்.எம். ஒலிபரப்பை நிறுத்தி இலக்கமுறைக்கு மாறிற்று. உலகில் இவ்வாறு செய்த முதல் நாடு அதுவே. உள்ளூர்ச் சிறு நிலையங்கள் பல மட்டும் எப்.எம். முறையில் நின்றன.

இம்மாற்றத்தின் பயன் சிறிதன்று. ஓர் அலைத்தொகுதியில் நிலையங்கள் பல அடங்கும். அயற் கோபுரங்களும் அதே அதிர்வெண்ணில் ஒலிபரப்பக் கூடுமாதலின், வழிநெடுக நிலையத்தைத் தேடித் திருப்பும் தொல்லை குறையும். மலையில் மோதி மீளும் அலையும் பெரும்பாலும் கேடு செய்யாது.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பழைய வானொலி, அலை மெலியுந்தோறும் இரைந்து இரைந்து தேயும். கேட்போன் எஞ்சிய சொற்களை ஊகித்தறிவான். இலக்கமுறை வானொலியோ ஓர் எல்லைவரை தெளிவாகப் பேசும். எல்லை கடந்ததும் வாய்மூடும்.

அன்றியும், பழைய வண்டியுடையார் என் செய்வர்? இணைகருவி வாங்கி, அதன் அலைவாங்கியை முன்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளல் வேண்டும். இல்லையேல், இடர்க்காலத்துத் தேசிய வானொலி விடுக்கும் அறிவித்தல் அவ்வண்டி வானொலியில் ஒலியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இயற்றிய சட்டம், 2020 திசெம்பர் 21 முதல் புதிய கார்களிற் பொருத்தும் வானொலி இலக்கமுறை ஒலிபரப்பையும் ஏற்க வேண்டுமென்றது. புதிய வண்டிக்கு அது காவல். பழைய வண்டிக்கு யார் காவல்?

புதுமையை யாம் வெறுக்கின்றோமல்லோம். கடைசிச் செவியையும் எண்ணிய பின்னரே பழைய வாயிலை அடைத்தல் முறையாகும்.