முன்னே நகர்த்தும் வினைச்சொல்

வடசென்னையில் மணலிக்கும் மாதவரத்திற்கும் அருகே அமைந்த ஊர் மாத்தூர். அதனை அடுத்த சாலைகளில் துறைமுகச் சரக்கேற்றிய மோட்டார் வண்டிகள் ஓயாது ஓடுகின்றன. 'மோட்டார்' என்னும்போது நாம் ஓர் இலத்தீன் சொல்லையே வழங்குகிறோம். 'நகர்த்துவது' என்பது அதன் பொருள். அதற்குத் தாயான வினை 'மொவேரே', அதாவது நகர்த்துதல்.

'மொவெஓ' என்றால் நகர்த்துகிறேன், 'மொவேஸ்' நகர்த்துகிறாய், 'மொவெத்' நகர்த்துகிறான், 'மொவேமுஸ்' நகர்த்துகிறோம், 'மொவேதிஸ்' நகர்த்துகிறீர்கள், 'மொவெந்த்' நகர்த்துகிறார்கள். எழுவாயைத் தனியே கூற வேண்டுவதில்லை. இடத்தையும் எண்ணையும் விகுதியே காட்டிவிடும்.

தமிழ் பயின்றோர்க்கு இது புதுமையன்று. எதிர்கால வடிவமான 'மொவேபித்' என்பதை எடுத்துக்கொள்வோம். இதில் 'மொவே' பகுதி, 'பி' காலங்காட்டும் இடைநிலை, 'த்' விகுதி. 'நகர்த்துவான்' என்பதை நகர்த்து, வ், ஆன் எனப் பிரிக்கிறோம் அல்லவா? அதைப் போன்றதே இதுவும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நகர்த்துவான், நகர்த்துவாள், நகர்த்தும் என நாம் பால் பகுத்துரைப்போம். இலத்தீனில் மூன்றுக்கும் ஒரே வடிவந்தான்.

இவ்விரு மொழிகளும் ஓரினத்தவை அல்ல. எனினும் ஒன்றின் வாயிலாக மற்றொன்றைக் கற்பிக்க முடிந்தது. வீரமாமுனிவர் இலத்தீனில் எழுதிய தமிழிலக்கணம் 1738 இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. ஐரோப்பியக் குருமார் தமிழைக் கற்க அது துணை செய்தது.

மொவேரேயின் முன்னே 'புரோ' என்னும் முன்னொட்டைச் சேர்த்தால் முன்னே நகர்த்துதல் என்ற பொருள் பிறக்கும். பதவி உயர்வைக் குறிக்கும் 'புரமோஷன்' இதன் வழியே வந்தது. 1857 இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் இலத்தீன் குறிக்கோளுரையிலும் 'புரோமொவெத்' என்னும் இவ்வினையே பயனிலையாய் நிற்கிறது. அங்கே எழுவாய் கல்வி. செயப்படுபொருள் நம்முள் இயல்பாய் அமைந்த ஆற்றல்.

இந்த இலக்கணத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கல்வி ஆற்றலைக் கொடுக்கிறது என்று அவ்வுரை கூறவில்லை. முன்னரே உள்ளதை முன்னே செலுத்துகிறது என்றே கூறுகிறது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் மாணவர், அறிவு தமக்கு உரியதன்று, அது பிறர் உடைமை என்று அஞ்சுதல் உண்டு. அவ்வச்சத்திற்கு இவ்வினைச்சொல்லே விடை தருகிறது. ஆற்றல் நும்மிடத்தில் உள்ளது; அதனை நகர்த்தும் வேலையே கல்வியினுடையது. வினை நிகழ்காலத்தில் நிற்பதையும் மறவாதீர்கள். அவ்வேலை என்றோ முடிந்துபோனதன்று, இன்றும் நடைபெறுகின்றது.